கோர் ஐ9 பேரரசருக்கு வாழ்த்துமடல்

வேகத்தின் வேந்தே!

2023 அக்டோபரில் இன்டெல் ப்ராசசர் குலத்தில் கோர் ஐ9-14900கே என்னும் திருநாமம் சூடி, 589 டாலர் அறிமுக விலையில் எழுந்தருளினீர்கள். உச்ச வேகம் 6 கிகாஹெர்ட்ஸ். பெரிய கோர்கள் 8, சிறிய கோர்கள் 16, ஆக மொத்தம் 24. கேம்கள் தங்கள் முக்கிய வேலையைப் பெரும்பாலும் சில கோர்களிலேயே முடித்துக்கொள்கின்றன. 8 கோர்களுக்கு மேல் கொடுத்தாலும் அதனால் பெரும்பயன் பெறும் கேம் அரிது. ஆனாலும் அந்த 16 சிறிய கோர்களும் முகம் கோணாமல் அணிவகுத்து நிற்கின்றன. ஒரு கீறல் விழாமல், ஒரு போரும் காணாமல் பளபளக்கும் படை வேறெந்த அரசருக்கு வாய்த்திருக்கிறது?

ஈகையின் இமயமே!

தாங்கள் ஒருவர் வந்தால் கடைத்தெருவே வாழ்கிறது. பெட்டிக்குள் கூலர் வைக்காமல் வருவதால் கூலர் விற்பவர் பிழைக்கிறார். தங்கள் மின்பசியைத் தாங்கும் மதர்போர்டு விற்பவர் பிழைக்கிறார். பவர் சப்ளை விற்பவரும் பிழைக்கிறார். இது தங்கள் குலத்துக்கே உரிய குணம். 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறை முன்னோர், சாக்கெட்டின் 1151 என்ற எண்ணை மாற்றாமலே பழைய போர்டுகளை ஓய்வுக்கு அனுப்பினார்கள். 2020இல் 1200, 2021இல் 1700, 2024இல் 1851 என்று சாக்கெட்டுகள் வளர்ந்தன. வாங்கிய போர்டையே காலமெல்லாம் கட்டிக்கொண்டிருக்கும் பழக்கம் எங்களுக்கு வந்துவிடக் கூடாதே என்பதில் எவ்வளவு அக்கறை!

இந்த வள்ளல் குணம் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்குச் சற்றும் கிடையாது. 2016இல் வந்த அதே சாக்கெட்டில்தான் 2022இல் ரைசன் 5 5600 ப்ராசசர் வந்து உட்கார்ந்தது. 199 டாலர் அறிமுக விலை, 6 கோர், பெட்டிக்குள்ளேயே கூலர். முதல் ரைசனுக்காக 2017இல் வாங்கிய போர்டுகளில் பலவும் ஒரு பயாஸ் அப்டேட்டோடு அதை ஏற்றுக்கொண்டன. அதே 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி இன்னும் மோசம். 8 கோருக்கு மேல் வைத்துக்கொள்ள வக்கில்லாமல், 96 எம்பி எல்3 கேஷை மட்டும் வைத்துக்கொண்டு, தன்னைவிட அதிக மின்சாரம் குடிப்பவர்களோடு கேம்களில் தோளுரசி நின்றது. புது போர்டும் கேட்காமல், புது ரேமும் கேட்காமல் எத்தனை வியாபாரிகளின் வயிற்றில் அடித்தது!

வெம்மையின் கதிரவனே!

முழு பாரத்தில் 253 வாட் வரை இழுக்கும் ஆற்றல் தங்களுடையது. ரைசன் 5 5600 வெறும் 65 வாட் வகுப்பு. தாங்கள் குடியிருக்கும் அறையில் மார்கழியிலும் போர்வை தேவையில்லை. சித்திரையில் ஏசிக்காரருக்கும் வேலை கிடைக்கிறது.

உறுதியின் உறைவிடமே!

தங்கள் தலைமுறையிலும் அதற்கு முந்தைய தலைமுறையிலும் சில ப்ராசசர்கள் மிகை மின்னழுத்தத்தால் தளர்ந்து, கேம்கள் பாதியில் நின்றுபோயின. 2024 ஆகஸ்டில் இன்டெல் அதற்கென மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதத்தையும் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது. இவ்வளவு கவனிப்பைப் பெற்ற செல்லப்பிள்ளை வேறு யார்?

தன்னடக்கத்தின் சிகரமே!

பழைய கிராபிக்ஸ் கார்டு 99 விழுக்காட்டில் மூச்சுமுட்ட ஓடும்போது, தாங்கள் இருபது விழுக்காட்டில் இளைப்பாறி, அதன் உழைப்பை மறைக்காமல் பெருந்தன்மை காக்கிறீர்கள். 4கே திரையிலோ தங்களுக்கும் ஓர் ஐ5க்கும் வேறுபாடே பல கேம்களில் தெரியாதபடி நடந்துகொள்கிறீர்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். தாங்களோ 200 படங்களுக்கு வழிசெய்கிறீர்கள். கண்ணுக்கே எட்டாத அந்த மிச்சப் படங்களுக்கும் சேர்த்துத்தான் நாங்கள் விலை கொடுத்திருக்கிறோம். பலன் கருதாத தானம் அல்லவா அது!

வாழ்க தங்கள் கொற்றம்!

இனி, சேமித்த பணத்தோடு கடைக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வீடியோ ரெண்டரிங், பெரிய மென்பொருள் கம்பைலிங் என்று எல்லாக் கோரையும் கசக்கும் வேலை உங்களுக்கு இருந்தால் பேரரசரை அழைத்து வாருங்கள். அந்த வேலையில் அவர் உண்மையிலேயே வல்லவர். கேம் ஆடுவதற்கு மட்டும் என்றால் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஆடும்போது திரையில் கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். 95 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால் தடை கார்டில்தான்; ப்ராசசரை மாற்றிப் பயனில்லை. கார்டு 60, 70 விழுக்காட்டிலேயே தங்கி, எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படங்கள்) தடுமாறினால் ரெசல்யூஷனை ஒரு படி குறைத்துப் பாருங்கள். அப்போதும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால், தடை பெரும்பாலும் ப்ராசசரில்தான்.

அதன்பிறகும் நேரே கடைக்கு ஓட வேண்டாம். கையிலிருக்கும் மதர்போர்டின் பெயரைத் தயாரிப்பாளரின் ப்ராசசர் பட்டியலில் தேடுங்கள். அதே சாக்கெட்டில் ஏறும் நல்ல ப்ராசசர் எது, அதற்கு எந்த பயாஸ் வேண்டும் என்று பாருங்கள். பழைய ப்ராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். ஏஎம்4 போர்டு என்றால் கூலரை வெடுக்கென்று இழுக்காமல், மெல்லத் திருகித் தளர்த்தி எடுங்கள். காய்ந்த பேஸ்ட் ப்ராசசரையும் சேர்த்துப் பிடுங்கி, பின்களை வளைத்துவிடும். மிச்சமாகும் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும்.

கேம் ஆட மட்டும் கணினி வைத்திருப்பவருக்கு ஐ9 தேவையில்லை.