தராசும் ஆராதனையும்

கேள்வி: தீர்க்கதரிசிகள் சொன்ன கடவுளின் நீதி என்றாலே தண்டனைதானா? விசுவாசிக்கு அதில் என்ன ஆறுதல்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ஏமாற்றப்பட்டவருக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் ஏது? கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தீர்க்கதரிசி ஆமோஸ், தெக்கோவா ஊர்க்காரர். ஆடு மேய்த்தவர், காட்டத்தி மரம் பார்த்தவர். அவர் சாடியது பலி செலுத்தாதவர்களை அல்ல. பலியையும் பாட்டையும் குறைவில்லாமல் செலுத்திவிட்டு, சந்தையில் கள்ளத் தராசு பிடித்தவர்களை. ஒரு ஜோடி செருப்புக்கு ஏழையை விற்றவர்களை. அவர் இன்று வந்தால், முதலில் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையின் தராசைத்தான் பார்ப்பார். பிறகு, திண்டுக்கல்லில் தோல் கழிவு கெடுத்த கிணறுகளுக்குக் கணக்குக் கேட்பார். ஞாயிறு ஆராதனை உண்மையா என்பது திங்கட்கிழமை கூலியில் தெரியும். உங்கள் ஊர்ப் பூட்டு திருடனைத் தடுக்கும்; ஏழையின் முறையீடு கடவுளை எட்டுவதைத் தடுக்கும் பூட்டு எந்த ஊரிலும் இல்லை.