மாட வீதிக்கு மட் டயர்

தென்சென்னையில் சில ஆண்டுகளாக ஒரு புதிய மனித வகை தழைத்து வருகிறது. மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ அடுக்ககத்தில் குடியிருப்பார். வயது நாற்பதுக்கு மேல். தொழில் மென்பொருளாக இருக்கலாம், மனை வணிகமாக இருக்கலாம், ஆடிட்டராகக்கூட இருக்கலாம். வண்டி மட்டும் பிக்கப். கோயம்பேட்டிலிருந்து தக்காளி ஏற்றி வரும் பிக்கப் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி நினைத்தால் அவர் முகம் சுருங்கும். இவருடையது இசுஸு வி-கிராஸ் அல்லது டொயோட்டா ஹைலக்ஸ். 2016-இல் வி-கிராஸ் வந்தது, பின்னால் தொட்டி வைத்த அந்த வண்டியைச் சொந்தக் காராக வெள்ளை போர்டில் பதிவு செய்துகொள்ளலாம். 2022-இல் ஹைலக்ஸும் வந்து சேர, இனம் பெருகத் தொடங்கியது. இரண்டுமே ஐந்தேகால் மீட்டருக்கு மேல் நீளம். தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் ஒரு காருக்கு ஒதுக்கும் இடமோ ஐந்து மீட்டர். ஆகவே வண்டியின் வால் எப்போதும் பொதுச் சொத்தில்தான் இருக்கும். அசோசியேஷன் கூட்டத்தின் முதல் தீர்மானமும் அந்த வாலைப் பற்றியதாகவே இருக்கும். இத்தனைக்கும் இவரை முழுமையாகக் காண்பதற்கு உரிய நேரம் வண்டி வாங்கும்போது அல்ல, அந்த வண்டிக்கு டயர் மாற்றும்போது.

டயர் விஷயத்தில் இவரை அறியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. டிசம்பர் சீசனில் பாடகர் முதல் பிடியை எடுத்ததுமே ராகத்தின் பெயரைப் பக்கத்து இருக்கைக்குச் சொல்லிவிடும் ரசிகரைப் போல, எதிரே வரும் வண்டியின் பட்டனைப் பார்த்த மாத்திரத்தில் கம்பெனியையும் மாடலையும் சொல்வார். சைடுவாலில் 265/65 R17 112S என்று இருந்தால், 112 என்பது ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்பதையும், S என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் வரை போகலாம் என்பதையும் கேட்காமலே விளக்குவார். நான்கு டயரும் சேர்ந்து நாலரை டன் தாங்கும். அந்தத் தொட்டியில் ஏறுவதோ நவராத்திரிக்குக் கொலுப்படி, கல்யாணத்துக்கு இரண்டு வாழைமரம், மற்ற நாட்களில் ஒரு குடை. வேகத்தையும் பார்த்துவிடலாம். 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை குடியிருப்புச் சாலைகளுக்கு வைத்த உச்சவரம்பு 30. கச்சேரி சாலையில் மாலை ஆறு மணிக்கு அந்த முப்பதை எட்டுபவருக்குத் தனியாகப் பரிசே கொடுக்கலாம். இவரிடம் இருக்கும் குறை அறியாமை அல்ல என்பதே என் வாதம். டயரைப் பற்றி எல்லாம் தெரிந்த இவருக்கு, தான் வண்டி ஓட்டும் விதத்தைப் பற்றி மட்டும் எதுவும் தெரியாது.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு டயர்க் கடைக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுபவப்பட்ட கடைக்காரர் முதலில் கேட்பது விலையை அல்ல. “சார், வண்டி எங்க ஓடும்?” ரகம் மூன்றுதான், தார்ச்சாலைக்கு ஹெச்டி, தாரும் மண்ணும் கலந்த பாதைக்கு ஏடி, சேற்றுக்கும் பாறைக்கும் எம்டி என்னும் மட் டயர். உண்மையான விடை, “வீடு, ஆபீஸ், பாண்டி பஜார், மாதம் ஒருமுறை ஈ.சி.ஆர்.” இந்த விடை எந்த ஆண்மகனின் வாயிலிருந்தும் கடைக்குள் வந்ததாகத் தெரியவில்லை. “லடாக் போலாம்னு ஒரு ஐடியா இருக்கு” என்பார். கடைக்காரர் தலையாட்டுவார், லடாக் அவருக்கு நல்ல வியாபாரம். ஆனால் லடாக் போகும் வழியில் பெரும்பகுதி தார்ச்சாலைதான். அங்குள்ளவர்கள் அதே பாதையில் ஆல்ட்டோவில் குடும்பத்தோடு போய் வருகிறார்கள். வீட்டிலிருந்து கூட வந்தவர் இதைக் கேட்டுவிட்டு, “போன தடவையும் லடாக்தானே சொன்னீங்க?” என்பார். அந்தக் கேள்வி அங்கே விற்கப்படாத பொருள். யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்த கட்டம் இறக்குமதி. இவர் விரும்பும் ஏடி டயர்களில் சிலவற்றின் சைடுவாலில் மூன்று சிகரங்கள் வரைந்து நடுவில் ஒரு பனித்துகளைப் பொறித்திருப்பார்கள். கடும் பனிக்காலச் சோதனையில் தேறிய டயர் என்பது அதன் பொருள். சென்னை தன் வரலாற்றில் நடுங்கியதாகப் பதிவான அளவு ஏறத்தாழ 14 டிகிரி, அதுவும் நூறாண்டுக்கு முன். கொதித்ததோ 2003 மே 31 அன்று 45 டிகிரி. ஆனாலும் பனித்துகள் இல்லாத ஏடி டயரை இவர் தொடுவதில்லை. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்ததும் காத்திருப்பு ஒரு தவமாகிவிட்டது. தவம் நடக்கும் ஊர் எது? திருவொற்றியூர்க் கொட்டகை ஒன்றில் 1946-இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் தொழில், மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரியாக வளர்ந்த ஊர். ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜே.கே. டயரும் சியட்டும், தேர்வாய்கண்டிகையில் மிஷலின் என்று இந்த நகரத்தைச் சுற்றி எந்தத் திசையில் கல்லெறிந்தாலும் டயர் ஆலை மதிலில் படும். இவருடைய மாமனார் எம்.ஆர்.எஃப். பங்கு வைத்திருப்பார். 2023 ஜூனில் அந்தப் பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய நாளில் தெருவுக்கே சொன்னவர் அவர். இடைக்கால ஈவாகப் பங்குக்கு மூன்று ரூபாய் வந்தபோது மட்டும் மௌனம் காத்தவர். “நம்ம ஊர் டயர் போடுப்பா” என்று மாப்பிள்ளையிடம் அவர் சொல்வதில் நியாயமும் உண்டு, சுயலாபமும் உண்டு.

இவருக்காகப் பேசுவோர் சொல்லும் முதல் மறுப்பு வலுவானது. சென்னையில் வெள்ளம் வருகிறதே? 2015 டிசம்பரை யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து நினைவூட்டிவிட்டுப் போனது. தி. நகரில் ஒரு நல்ல மழைக்கே மாம்பலம் கால்வாய் சாலைக்கு வந்து நலம் விசாரிக்கிறது. எல்லாம் சரி. ஆனால் தண்ணீரில் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பட்டன் அல்ல. இன்ஜின் காற்றை இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான். ஹைலக்ஸுக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு 700 மில்லிமீட்டர். எம்டி டயர் மாட்டியதால் அந்த வாய் ஒன்றும் பெரிதாக உயர்ந்துவிடாது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றனவே, அங்கே எந்த வண்டியையும் காப்பாற்றியது டயர் அல்ல, மேம்பாலம். ஆண்டில் அதிக நாள் வருவது வெள்ளமும் அல்ல, ஐப்பசி மழையில் தாரின் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலம். அந்தப் படலத்தில் பிரேக் பிடிக்கும்போது, பெரிய பெரிய கட்டியாகப் பட்டன் வைத்த எம்டி டயர், நெருக்கமான நுண்கோடுகள் கொண்ட ஹெச்டி டயரைவிடப் பொதுவாகத் தள்ளித்தான் நிற்கும். காலித் தொட்டியோடு பின்பக்கம் கனமில்லாமல் ஓடும் பிக்கப்பில் இது கூடுதல் கவலை. பாதுகாப்புக்காக வாங்கியதாகச் சொல்லப்படும் டயர், பாதுகாப்பு உண்மையில் தேவைப்படும் சர்தார் பட்டேல் சாலையில்தான் காலை வாருகிறது.

சரி, குழி? மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை மயிலாப்பூரையும் அடையாற்றையும் பனகல் பூங்காவையும் தோண்டிப் போட்டிருக்கும்போது இந்த ஊரே ஆஃப்ரோடுதானே என்பார்கள். ரசிக்கத்தக்க வாதம். ஆனால் குழியின் அடியை வாங்கிக்கொள்வது பட்டன் இல்லை, சைடுவாலின் உயரம். 265/65 R17 டயரில் அது சுமார் 172 மில்லிமீட்டர். குழிக்குப் பயந்த இதே மனிதர் டயரோடு இருபது அங்குல அலாயும் பார்த்துவிட்டு, 275/55 R20 என்று எடுத்தால் 151 ஆகக் குறைகிறது. பணம் கொடுத்து மெத்தையில் இரண்டு சென்டிமீட்டரைக் குறைத்துக்கொண்டு வருகிறார். அப்பா பின்சீட்டில் முதுகைப் பிடித்துக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்லத் தொடங்குகிறார். கம்பெனி சொன்ன அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவது பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதை எடுத்தால் மட்டும் பேச்சு நைட்ரஜனுக்குத் தாவிவிடும். சாதாரணக் காற்றிலேயே நைட்ரஜன் 78 விழுக்காடு. மீதியையும் அதுவாகவே நிரப்ப வேண்டும் என்று அடம்பிடிப்பவர், எத்தனை பவுண்டு காற்று என்று ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளை ஒருநாளும் படித்திருக்க மாட்டார்.

இவர் முகம் சுளித்த அந்தத் தக்காளி வண்டியை இங்கே சாட்சிக்கு அழைக்கலாம். விடியலில் தண்ணீர்த்துறை மார்க்கெட்டுக்கு வரும் பொலேரோ பிக்கப்பும் குட்டி யானையும் உண்மையிலேயே கனம் சுமக்கின்றன. அவற்றை ஓட்டுபவர் டயர் வாங்க எடுக்கும் நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம். எத்தனை கிலோ தாங்கும், எத்தனை மாதம் ஓடும், பாதிப் பணம் அடுத்த வாரம் தரலாமா, இவ்வளவுதான் கேள்வி. அவர் வண்டி எங்கே ஓடும் என்பது அவருக்குத் தெரியும். தெரியாததற்கெல்லாம் டயர் போட அவரிடம் பணமில்லை.

இன்னொரு சாட்சி நம்மவரின் பழைய டயரே. நான்கு சக்கர வண்டிக்குப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. இவர் கழற்றிப் போடும் டயரில் அதைப்போல நாலைந்து மடங்கு மிச்சம் இருக்கும். ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடக்கூடிய டயர், ஆண்டுக்கு ஏழாயிரம் ஓட்டினால் தேய்வதற்கே ஏழாண்டு வேண்டும். அதற்குள் பொதுச் சொத்தில் நீட்டிக்கொண்டிருந்த வாலின் மேல் விழுந்த வெயில் பின் டயர்களின் சைடுவாலை வெடிப்பு விடச் செய்துவிடுகிறது. ஓடித் தேய்ந்த டயர் அல்ல அது. நின்று மூத்த டயர். ஐந்தாண்டானதும் ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும், பத்தாண்டுக்கு மேல் எப்படியும் வேண்டாம் என்று மிஷலினே சொல்கிறது. வயதைப் பார்ப்பதும் எளிது. சைடுவாலில் 3521 என்று நான்கு இலக்கம் இருந்தால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரம் செய்தது. இத்தனை குறியீடுகளைக் கரைத்துக் குடித்தவர், தனக்கு உண்மையில் வேண்டிய இந்த ஒரே குறியீட்டைப் பார்க்காமல், இறக்குமதியாகிக் கிடங்கில் இரண்டாண்டு தூங்கிய டயரைப் புதிது என்று நம்பி மாட்டிக்கொள்கிறார்.

கடைசி மறுப்பு, “அவர் காசு, அவர் ஆசை, உனக்கென்ன?” என்பது. இதற்கு என்னிடம் முழு விடை இல்லை, பாதி விடைதான். ஆசைக்கு வாங்குகிறேன் என்று அவர் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. வெள்ளம், குழி, பாதுகாப்பு என்று ஊரைச் சாட்சிக்கு இழுப்பதால்தான் குறுக்கு விசாரணை. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 விழுக்காடாக இறங்கியபோது, மிச்சமான பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் ஒரு சைஸ் கூட்டி வாங்கியதற்கும் ஏதோ பாதுகாப்புக் காரணம்தான் சொன்னார்கள். கடைக்காரர் என்னவோ இன்றும் ஹெச்டியைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறார். அதிகம் போனால் மென்மையான ஏடி. விலை, எடை, சத்தம், மைலேஜ் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்கிறார். நம்மவரும் பொறுமையாகக் கேட்கிறார். கேட்டு முடித்து, நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, எம்டி டயரைக் கைகாட்டிவிட்டுத் தன் ஒரே சந்தேகத்தைக் கேட்கிறார்: “அந்த வெள்ளை எழுத்து வெளிப்பக்கம் தெரியற மாதிரிதானே மாட்டுவீங்க?”