ரெண்டடி பின்னாடி வாங்க சார்!

தெருவில் இருக்கிற கலைமேல் பித்துப் பிடித்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவருடைய பைக்கில் பின்னால் ஏறினால், போகவேண்டிய இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேரமாட்டீர்கள். வழியில் ஒரு சிலையோ, சுவரோ, மேம்பாலத் தூணோ அவரைப் பிடித்து நிறுத்திவிடும். பின்னால் பஸ்காரர் அடிக்கிற ஹாரன் காதில் ஏறாது. ஹெல்மெட்டைக் கழற்றி டாங்க் மேல் வைத்துவிட்டு, “சார், ஒரே நிமிஷம்” என்பார். அந்த ஒரு நிமிஷத்தில் பேங்க் கவுண்டரை மூடிவிடுவார்கள். கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தி எழுந்துவிடும்.

சரி, நிறுத்தினார், பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றால் அதுவும் நடக்காது. “அங்க இல்ல சார், இங்க வாங்க. ரெண்டடி பின்னாடி. இன்னும் கொஞ்சம். லேசா குனிங்க.” சென்னை மெரினாவில் உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த நாலு பேர், 1959 முதல் அந்தப் பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். நாலு முதுகையும் எட்டுக் கெண்டைக்காலையும் ஒருசேரப் பிடிக்க ஒரு கோணம் இருக்கிறதாம். அதைத் தேடிப் பின்வாங்கிப் பின்வாங்கி, சுண்டல்காரர் தூக்கின் மேல் மோதித் திட்டு வாங்கினேன். ஒருவழியாகக் கோணம் கிடைத்தது. உடனே விளக்கம் சொல்ல நம்மவர் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். சிலை மறைந்தது. உழைப்பாளர்களைப் பார்த்ததைவிட அவருடைய சட்டைப்பையை நான் பார்த்ததுதான் அதிகம். அதில் இரண்டு பேனா. ஒன்றுக்கு மூடி இல்லை.

தீவுத்திடல் பக்கம் போனால் இன்னும் ஆபத்து. அங்கே குதிரைமேல் அந்நாள் மதராஸ் கவர்னர் மன்றோ துரை சிலையாக இருக்கிறார். “சேணம் எங்க சார்? கால் வைக்க அங்கவடி எங்க? சிற்பி மறந்துட்டான்! அந்த அவமானம் தாங்காம உயிரையே விட்டுட்டான்!” சொல்லும்போதே குரல் தழுதழுக்கும். சிலை திறந்தது 1839-ல். செய்தவர் லண்டன் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. அவர் உடம்பு முடியாமல் இறந்தது 1841-ல். அவர் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கிறது. அந்தக் குதிரைக்கும் சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது. அது அவர் வேண்டுமென்றே செய்தது. இதை ஒருநாள் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். யோசித்துப் பார்த்துவிட்டு, “அப்ப ரெண்டு வாட்டி மறந்திருக்கான் சார்” என்றார்.

ஆனாலும் மனுஷனை முழுக்க வெறுக்க முடியவில்லை. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரில் 2021-ல் வரைந்த பெரிய பெரிய முகங்களை யாரோ விளம்பரத்துக்கு வரைந்தது என்று நினைத்துத்தான் கடந்துகொண்டிருந்தேன். அதில் எச்.ஐ.வி. உள்ளவர்களும் இருக்கிறார்கள், இல்லாதவர்களும் இருக்கிறார்கள், யார் எவர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, படத்தின் சங்கதியே அதுதான் என்று சொன்னவர் இவர்தான். அன்றைக்கு மட்டும் என்னை நகர்த்தாமல் நின்ற இடத்திலேயே பார்க்கவிட்டார்.

அந்த நல்லெண்ணத்தில்தான் கண்ணகி நகருக்கு வரச் சம்மதித்தேன். நகரத்துக் குடிசைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் வைக்கப்பட்ட குடும்பங்களின் ஊர் அது. அங்கே மாடி வீட்டுச் சுவர்களில் 2020-ல் ஆளுயரத்தைப்போல் பல மடங்கு உயரத்தில் ஓவியம் வரைந்திருக்கிறார்கள். ஒரு சுவரடியில் ஓர் அம்மா அடிபம்பில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார். “அம்மா, ரெண்டடி தள்ளிக்கங்க, படத்தை மறைக்குது” என்றார் நம்மவர், செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி. அந்த அம்மா கைப்பிடியை விடவில்லை. “படம் எங்கயும் போவாது. தண்ணி நின்னுடும்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரைந்தவர் யார், எந்த வருஷம், எத்தனை அடி உயரம் என்று ஒப்பிக்கிறவருக்கு, அந்தச் சுவருக்குப் பின்னால் குடியிருப்பவர்களிடம் கேட்க ஒரு கேள்விகூட இல்லை. டிக்கெட் இல்லாமல், போகிற வேலையோடு வேலையாகக் கண்ணில் படுவதுதான் தெருவில் இருக்கிற கலைக்கு அழகு. அதைப் பார்க்க வேலை செய்கிறவர் ஒதுங்கவேண்டும் என்றால், எழும்பூரில் மியூசியம் இருக்கிறது. டிக்கெட் எடுத்துக்கொண்டு போகட்டும். அங்கே யாரும் குடத்தை வைத்துக்கொண்டு குறுக்கே நிற்கமாட்டார்கள்.