எல்லாச் சங்கிலியும் ஒரே நீளமா?

கேள்வி: பால்மப் பாலிமராக்கத்தில் துகள்களைக் காக்கும் பிளாக் கோபாலிமர் சங்கிலிகள் அத்தனையும் ஒரே நீளத்தில் இருப்பதுதானே நல்லது?

பதில்: சீருடை பள்ளிக்கு அழகு, லேடெக்ஸ் துகளுக்கு அது கட்டாயமில்லை. ஸ்டைரீனை நீரில் பாலிமராக்க, பாலிஸ்டைரீனும் பாலிஅக்ரிலிக் அமிலமும் இணைந்த சங்கிலியைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். நீருக்கு ஒவ்வாத பாலிஸ்டைரீன் பகுதி துகளைப் பற்றிக்கொள்ளும். மின்சுமையேறிய அமிலப் பகுதி நீருக்குள் நீண்டு, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலக்கும். பற்றும் பகுதி மிகக் குட்டையானால் பிடி நழுவும். மிக நீளமானால் சங்கிலி, மற்றச் சங்கிலிகளோடு நீரில் கூடி அமைத்த மைசெல் என்னும் திரளுக்குள்ளேயே முடங்கிவிடும். ஏனெனில் பாலிஸ்டைரீன் இளகுவது சுமார் 100 டிகிரி செல்சியஸில், வினை நடப்பதோ பெரும்பாலும் 60 முதல் 80 டிகிரியில். ஊறிய ஸ்டைரீன் ஓரளவு இளக்கினாலும் நீளத்தின் பாரம் முழுதும் தீராது. துகள் வளர வளரப் புதிய பரப்பு பிறக்கும். அங்கே விரைந்து போய்க் காப்பவை குட்டைச் சங்கிலிகள்; விடாமல் பிடித்து நிற்பவை நெட்டைச் சங்கிலிகள். அளவான வேறுபாடு குறையல்ல, பலம்.

அப்படியானால் 1956இல் மைக்கேல் ஸ்வார்க் காட்டிய ‘உயிருள்ள’ பாலிமராக்க முறை முதல், 1998இல் ஆஸ்திரேலியாவில் அறிமுகமான ராஃப்ட் (RAFT) பாலிமராக்க முறை வரை, நீளத்தைச் சீராக்கப் பட்ட பாடெல்லாம் வீணா? இல்லவே இல்லை. எந்தப் பகுதியில் எவ்வளவு வேறுபாடு என்று தெரிந்து கலக்க வழிவிட்டதே அந்தக் கட்டுப்பாடுதான். கண்மூடித்தனமாகக் கலந்தால் பயனின்றி நீரில் அலையும் சங்கிலிகள் பெருகும். இம்முறை கிடைத்த துகள் அளவு மறுமுறை கிடைக்காது. வேண்டியது, நாமே தீர்மானித்த வேறுபாடு.