காலெலும்பு கடலை கடிக்குமா?

கேள்வி: புற்றுநோயால் தாடையை இழந்தவருக்குக் காலெலும்பை வைத்துப் பல் கட்டுகிறார்களாமே! தாங்குமா?
– ஒரு வாசகர், அனந்தபுரம்

பதில்: தாங்கும். முழங்காலுக்குக் கீழே பாரத்தைச் சுமப்பது பெரிய எலும்புதான். பக்கத்திலிருக்கும் ஒல்லியான பிபுலாவில் பெரும்பகுதியைக் கொடுத்தவரும் நடப்பார். ராஜகிரி மலையில் ஏறுவது வேறு விஷயம்! 1989-இல் அமெரிக்க மருத்துவர் ஹிடால்கோ பிபுலாவை ரத்தக்குழாயோடு எடுத்து, துண்டாக்கி வளைத்துத் தாடையாக்கிக் காட்டினார். பல்லைத் தாங்குவது டைட்டானியம் திருகு. டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்று 1950-களில் முயல் காலில் கண்டவர் சுவீடனின் பிரானெமார்க்.

சிக்கல் உயரத்தில். பிபுலா தாடையைவிடக் குட்டை. அதனால் மேலே பல் நெட்டை. அரையடிக் குழியில் நட்ட ஆளுயரக் கொடிக்கம்பம் மாதிரி, பக்கவாட்டில் இடித்தால் அடிப்பாகம்தான் வாங்கிக்கட்டிக்கொள்ளும். சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி மெத்தையாக ஒரு நார்ப்படலம் உண்டு. திருகுக்கு அந்தச் சொகுசு கிடையாது. ஆகவே சிலருக்கு எலும்பை மடித்து இரண்டடுக்காக வைக்கிறார்கள்.

கடலை? முதலில் இட்லி.