இரண்டடித் தொட்டியில் நெரிசல், பிணி, பகை: ஒரு முன்னாய்வு

இவ்வாய்வின் களம் வரவேற்பறை. ஆய்வுப்பொருள், டிவிக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவே வைக்கப்பட்ட கண்ணாடித் தொட்டி: நீளம் 2 அடி, அகலம் 1 அடி, உயரம் 1 அடி. கணக்குப்படி 56 லிட்டர். கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, வாய் திறந்து மூடும் புதையல் பெட்டி இவற்றைக் கழித்தால் 50 தேறினால் அதிகம். அதில் எத்தனை மீன் வாழலாம் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, வாங்குபவர்களிடையே இல்லை. "இன்னொரு ஜோடிதானே, போட்டுக்கலாம்" என்பது அவர்களின் ஒருமித்த முடிவு.

நெரிசலின் தோற்றம் பற்றி இரு கோட்பாடுகள் உள. முதலாவது கொளத்தூர்க் கோட்பாடு. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுக்கு ஒரேயொரு மீன் வாங்கப் போனவர், ஆக்சிஜன் அடைத்த ஒரே பையோடு வீடு திரும்பியதற்குச் சான்று கிடைக்கவில்லை. இரண்டாவது கப்பிக் கோட்பாடு. கப்பி குட்டி போடும் மீன். நான்கு வாரத்துக்கொரு முறை இருபது முப்பது குட்டிகள். ஆணைப் பிரித்துவிட்டாலும் பயனில்லை; பெண் விந்தணுவைச் சேமித்துவைத்து மேலும் சில ஈத்துகள் போடும். இதற்கு இயற்கை செய்துவைத்த ஏற்பாடு, குட்டிகளைப் பெரியவை தின்றுவிடுவது. வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பொறுக்காது. அழுகை, பிறகு தடுப்பு வலை, பிறகு மக்கள்தொகை.

இதில் சக்கர் மீனுக்குத் தனி இடம் தர வேண்டும். "சக்கர் போட்டா தொட்டியே கழுவ வேணாம் சார்" என்று சொல்லி இரண்டங்குலக் குட்டியைத் தருவார்கள். அது ஓரடிக்கு மேல் வளரும். பாசியைத் தின்பது மெய்தான். தின்றதை அது வேறெங்கும் கொண்டுபோய்ப் போடுவதில்லை. வளர்ந்தபின் அதை இரவோடிரவாக ஏரியில் விடும் வழக்கத்தை இவ்வாய்வு வன்மையாகக் கண்டிக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த மீன் நம் ஏரிகளில் பெருகி மீனவர் வலையைக் கிழிப்பதில் வேடிக்கை ஏதுமில்லை.

இனிப் பிணி. தொட்டியில் மீன் செத்தால், "வீட்டுக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கிச்சு" என்பது பெரியவர்களின் துணிபு. ஆய்வாளர் இதை மறுக்கவில்லை. கண்டம் எந்தக் கிழமையில் வந்தது என்பதை மட்டும் நிறுவ விரும்புகிறார்: ஞாயிறு. மீன் செவுள் வழியே அம்மோனியாவை விடுகிறது. நைட்ரோசோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு சில நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் இவை குடியேறி நிலைபெற நாலைந்து வாரம் ஆகும். ஞாயிறன்று குடும்பத்தலைவர் பனியனோடு களமிறங்கி, தண்ணீர் முழுவதையும் கொட்டி, கல்லைத் தேய்த்து, பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைக்கிறார். தொட்டி பளபளக்கிறது. புதன்கிழமை ஒரு மீன் மிதக்கிறது. வாரம் கால்பங்கு தண்ணீரை மட்டும் மாற்றி, எடுத்த தண்ணீரிலேயே பஞ்சைப் பிழிந்தால் போதும். ஆனால் அதில் உழைத்த திருப்தி இல்லை என்பது களத்தில் பதிவான ஆட்சேபம்.

வெள்ளைப்புள்ளி நோய்க்கும் இதே அவசரமே துணை. மீன்மேல் ரவை தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். காரணம் ஓர் ஒட்டுண்ணி. அது தோலுக்கடியில் தின்று கொழுத்து, கீழே உதிர்ந்து, கூடு கட்டி, நூற்றுக்கணக்காகப் பிரிந்து மறுபடி மீனைத் தேடி நீந்துகிறது. மருந்து பிடிப்பது அந்த நீந்தும் கட்டத்தில் மட்டுமே. புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துவது நம்மவர் மரபு. ஒட்டுண்ணி அதை அறிந்தே நடந்துகொள்கிறது என்று ஐயுற இடமுண்டு. புதிதாக வாங்கியதை மூன்று வாரம் தனி வாளியில் வைத்திருந்தால் பெரும்பாலும் இந்தக் கதையே வேண்டாம்.

பகைதான் ஆய்வில் சிக்கலானது. இரண்டு டைகர் பார்ப் விட்டால் அவை ஏஞ்சல் மீனின் துடுப்பைக் கடித்துக் கந்தலாக்கும். எட்டு விட்டால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளும். அதாவது, பகையைக் குறைக்கக் கூட்டத்தைக் கூட்ட வேண்டும்; முதல் பகுதியில் நாம் நிறுவிய அனைத்தும் இங்கே ஆட்டம் காண்கிறது.

1973இல் நோபல் பரிசு பெற்ற கோன்ராட் லோரென்ஸ் இதில் இன்னும் ஆழமாகப் போனவர். சில சிக்லிட் மீன்களை (தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஆரஞ்சு குரோமைடு அவற்றில் ஒன்று) ஜோடியாகத் தனியே வைத்தால், சண்டைக்கு ஆள் கிடைக்காத ஆண் தன் பெண்ணையே தாக்கும். தொட்டியின் நடுவே கண்ணாடி வைத்து அப்புறம் இன்னொரு ஜோடியை விட்டால், இரு ஆண்களும் கண்ணாடி வழியே முறைத்துக்கொள்ள, இரு குடும்பமும் இனிதே நடக்கும். பெண்ணிடம் ஆண் முரட்டுத்தனம் காட்டத் தொடங்கினால், கண்ணாடியில் பாசி படிந்து எதிர்வீடு தெரியவில்லை என்று பொருள். துடைத்தால் சரியாகிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

லோரென்ஸின் முறையை நம் களத்தில் சோதிக்க ஒரு தடை உண்டு. நடுவே கண்ணாடி வைத்தால் பக்கத்துக்கு 25 லிட்டர்தான் மிஞ்சும். நெரிசலும் அம்மோனியாவும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே மூன்றடித் தொட்டியொன்று தேவை என ஆய்வுக்குழு (நானும் என் மகளும்) பரிந்துரைத்திருக்கிறது. நிதி ஒதுக்கீட்டு அதிகாரி, "அந்த செருப்பு ஸ்டாண்ட் எங்கே போகும்?" என்று ஒரு கேள்வி எழுப்பி, கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.