எடை எவ்வளவு சார்?

தண்ணீரில் நின்றபடியே துடுப்புப் போடுகிற பேடில் போர்டு ஒன்று வாங்கலாம் என்று உங்களுக்கு எப்போதாவது ஆசை வந்தால், தயவுசெய்து கடைக்குத் தனியாகப் போங்கள். மனைவியை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். ஏனென்றால் கடைப்பையன் முதலில் விலையைப் பேச மாட்டான், நிறத்தைக் காட்ட மாட்டான். "சார், உங்க வெயிட் எவ்வளவு?" என்பான்.

"எழுபத்தஞ்சு" என்றேன்.

"எந்த வருஷத்துல?" என்றாள் என் மனைவி.

பையன் அனுபவசாலி. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என் சட்டையின் நான்காவது பட்டனைப் பார்த்தான். "தொண்ணூறுன்னு வெச்சுக்கலாம் சார்" என்று எழுதிக்கொண்டான். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

விஷயம் என்னவென்றால், இந்த போர்டுகளுக்கெல்லாம் லிட்டரில் ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் கொள்ளளவு கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தாங்கும். அப்படியானால் 90 கிலோ ஆசாமிக்கு 90 லிட்டர் போதுமே என்று நான் உடனே கணக்குப் போட்டுச் சொன்னேன். "மிதக்கும் சார், ஆனா தண்ணிக்குள்ள மிதக்கும்" என்றான் பையன். புதிதாகப் பழகுகிறவருக்கு எடையைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால்தான் போர்டு தண்ணீருக்கு மேலே நிற்குமாம். ஆர்க்கிமிடீஸ் பள்ளிக்கூடத்தோடு என்னை விட்டுவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு மனதில் இருந்ததோ வேறொன்று. சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள், 14 அடி நீளம், 25 அங்குல அகலம், கறுப்பும் சிவப்புமாக, கத்தி மாதிரி ஒரு ரேஸ் போர்டு. நீளம் கூடக்கூட வேகம், நேராகவும் போகும். அகலம் கூடக்கூட நிதானம். இரண்டும் ஒரே போர்டில் முழுசாகக் கிடைக்காது. அந்தக் கறுப்பு சிவப்பின் மேல் நிற்க வேண்டுமானால் நிதானத்தை நாம்தான் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். பையன் அதை என்னிடமிருந்து மெதுவாக நகர்த்தி வைத்தான், குழந்தை கையிலிருந்து அரிவாள்மணையை எடுக்கிற பக்குவத்தோடு.

"எங்க ஓட்டப் போறீங்க?" அடுத்த கேள்வி. கோவளம் என்றேன், கொஞ்சம் கம்பீரமாக. அலையிலா என்று கேட்டான். அலையில் ஓட்டுகிறவர்களுக்கு எட்டு, ஒன்பது அடியில் மூக்கு மேலே வளைந்த குட்டை போர்டு. சட்டென்று திரும்பும்; நிற்பவரையும் சட்டென்று திருப்பிக் கடலில் போடும். அலை இல்லாத இடமென்றேன், கம்பீரத்தைக் குறைத்துக்கொண்டு. முட்டுக்காடு பக்கம் உப்பங்கழி மாதிரி தட்டையான தண்ணீரில் வெகுதூரம் போகிறவர்களுக்கு டூரிங் போர்டு: பன்னிரண்டரை அடி, கூரான மூக்கு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். வெகுதூரம் போவீர்களா என்று அவன் கேட்கவேயில்லை. நான்காவது பட்டனே பதில் சொல்லிவிட்டது போலிருக்கிறது.

இதுதவிர 36 அங்குல அகலத்தில் யோகா போர்டு என்று ஒன்று. தண்ணீரில் மிதந்தபடி அதன் மேல் தலைகீழாக நிற்கிறார்களாம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டிய எனக்கு அதைக் காட்டியது எந்த வகை நகைச்சுவை என்று புரியவில்லை.

கடைசியில் 'ஆல்ரவுண்ட்' என்ற ரகத்தில் வந்து நின்றோம். பத்தரை அடி நீளம், 33 அங்குல அகலம், வட்ட மூக்கு. எதிலும் கெட்டிக்காரன் இல்லை, எதிலும் மோசமும் இல்லை. எனக்கு அது யாரையோ ஞாபகப்படுத்தியது. என் மனைவி சிரித்ததைப் பார்த்தால் அவளுக்கும்தான்.

கெட்டி போர்டா, காற்றடிக்கும் போர்டா என்பதை நான் தீர்மானிக்கவில்லை. எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் தீர்மானித்தது. கெட்டி போர்டு என்பது உள்ளே நுரை, மேலே கண்ணாடியிழையும் எபாக்சியும். வழுக்கிக்கொண்டு போகும், அழகு. ஆனால் பத்தரை அடியை எங்கள் லிஃப்டில் நிமிர்த்தினாலும் போகாது, சாய்த்தாலும் போகாது. நான்காவது மாடிக்குப் படிக்கட்டு வழியாகக் கொண்டுபோகலாம்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வீட்டின் மீட்டர் பெட்டி இருக்கிறது.

காற்று போர்டைச் சுருட்டி முதுகுப்பையில் போட்டுக்கொள்ளலாம். "கொலுப்படிக்குப் பக்கத்துல லாஃப்ட்ல இடம் இருக்கு" என்று என் மனைவி சொன்னதும் பையன் பில் போட்டுவிட்டான். காற்றடித்தால் மெத்தை மாதிரி உப்பிவிடாதா என்று எனக்குச் சந்தேகம். அங்கேதான் சூட்சுமமாம். மேல் விரிப்பையும் கீழ் விரிப்பையும் உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. எவ்வளவு அடித்தாலும் உப்பாமல் ஆறு அங்குலத் தடிமனில் பலகையாக விறைத்துக்கொள்ளும்.

எவ்வளவு அடிப்பது என்பதுதான் என் சோகம். 15 பிஎஸ்ஐ. கார் டயருக்கே முப்பதுக்கு மேல், இது பாதிதானே என்று இளக்காரமாக ஹாலில் ஒத்திகை ஆரம்பித்தேன். டயருக்குள் இருக்கும் இடம் கொஞ்சம். இதற்குள் கிட்டத்தட்ட 300 லிட்டர். 15 பிஎஸ்ஐ என்றால் உள்ளே காற்றை இரண்டு மடங்காக அமுக்க வேண்டும். அதாவது 600 லிட்டர் சென்னைக் காற்றை நான் என் சொந்தக் கையால் உள்ளே தள்ளியாக வேண்டும். பம்பில் ஒரு முள் இருக்கிறது. போர்டு நிறைந்து விறைக்கிற வரை அது அலுவலகத்தில் என் பதவி உயர்வு மாதிரி, இருந்த இடத்திலேயே இருக்கும். சோபாவில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்த மாமனார், "மாப்ளே, அந்த சத்தம் உங்களுதா, பம்போடதா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

ஏழெட்டு பிஎஸ்ஐயில் போதும் என்று விட்டால், நின்றவுடன் நடுவில் தொய்ந்துவிடும். முழுக்க அடித்து மணலில் உச்சி வெயிலில் போட்டு வைத்தாலோ, உள்ளே காற்று விரிந்து தையலைப் பதம் பார்க்கும். அதற்காக அதை நிழலில் வைத்து நான் வெயிலில் நின்றேன்.

கோவளத்தில் எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவன் மீனவக் குப்பத்துத் தம்பி. முதல் வேலையாக போர்டின் வாலிலிருந்து ஒரு கயிற்றை என் காலில் கட்டினான். விழுந்தால் காற்று போர்டைத் தள்ளிக்கொண்டு போகும் வேகத்துக்கு நீந்திப் பிடிக்க முடியாதாம். கயிறும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாமல் இறங்கக்கூடாது என்றான். அப்புறம் துடுப்பு. நம் உயரத்தைவிட எட்டு, பத்து அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். அதன் அலகு லேசாகச் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வு முன்பக்கம் பார்க்க வேண்டும். "சார், துடுப்பு திரும்பி இருக்கு" என்றான். திருப்பினேன். "இப்ப நீங்க திரும்பி இருக்கீங்க."

இடையில் என் ஞானத்தையும் கொஞ்சம் காட்ட வேண்டாமா? ஹவாயில் வைகிகி கடற்கரையில் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுத்தவர்கள், மாணவர்கள் மேல் ஒரு கண் வைப்பதற்காக நின்றபடி துடுப்புப் போட்டார்கள். 2000-ஐ ஒட்டி லெயர்ட் ஹாமில்டன் என்பவர் அதைப் பிரபலமாக்கினார் என்றெல்லாம் எடுத்துவிட்டேன். தம்பி பொறுமையாகக் கேட்டான். "எங்க தாத்தா கட்டுமரத்துல நின்னுட்டேதான் சார் போவாரு. அவரை யாரும் வெயிட் கேக்கல" என்றான்.

முதலில் மண்டியிடு, கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் பாதம் வை, முட்டியை லேசாக மடக்கு, காலைப் பார்க்காதே, தூரத்தில் பார். இவ்வளவுதான் பாடம். தூரத்தில் பார்த்தேன். வானம் தெரிந்தது, பிறகு தண்ணீருக்குள்ளிருந்தும் வானம் தெரிந்தது.

"நான் ஒரு தரம் பாக்கட்டுமா?" என்று என் மனைவி துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டாள். துடுப்பைத் தன் உயரத்துக்குச் சுருக்கினாள். தொண்ணூறு கிலோவுக்காக அளந்து வாங்கிய போர்டு, ஐம்பத்தைந்து கிலோவுக்குக் கல்யாண மண்டப மேடை போல அசையாமல் நின்றது. எழுந்தாள், போனாள். நான் கரையில் அவள் செருப்பையும் கைபேசியையும் பிடித்துக்கொண்டு, விழுந்தால் எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்தபடி நின்றேன். அவள் விழுகிற உத்தேசத்தில் இல்லை.

வெகுநேரம் கழித்து வந்து இறங்கினாள். "நல்லாத்தாங்க இருக்கு. ஆனா ரொம்ப மெதுவாப் போகுது. அந்த மூக்கு கூரா இருந்துதே, பன்னிரண்டரை அடி, அது காத்தடிக்கிறதுல வருமா?"

லாஃப்டில் இடம் ஏது என்று கேட்டேன்.

"கொலுப்படியைக் கொஞ்சம் நகர்த்தினா ரெண்டு பை தாராளமா வைக்கலாம்."

காற்று யார் அடிப்பது என்ற பேச்சே எழவில்லை.